இல்லாததும் அல்லாததும்

மொழிபெயர்ப்பாளனின் பிழைகள் பெரும்பாலும் யாரையும் கொல்வதில்லை. அமைச்சரின் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போகும். கோடி லட்சமாகும். மறுநாள் மூன்று வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழை அப்படி முடியவில்லை. அது பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வரை போய்விட்டது.

அப்போது ஒரு நாளிதழுக்காக மருத்துவச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இதயம் பலவீனப்பட்டவர்களுக்கு மாத்திரை தவிர வேறு என்னென்ன புதிய வழிகள் வந்திருக்கின்றன என்று ஓர் ஆங்கிலக் கட்டுரை. நல்ல கட்டுரைதான். மாலை ஆறு மணிக்குள் பக்கம் முடிய வேண்டும். 'மருந்தில்லா சிகிச்சை' என்று எழுதிக் கொடுத்தேன். துணையாசிரியர் ஒரு படி மேலே போனார். 'இனி மருந்தின்றி இதயம் வலுப்பெறும்' என்று தலைப்பு வைத்தார். தலைப்பு எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். "சார், அந்தக் கட்டுரை எழுதினது நீங்கதானா?" பாராட்டப் போகிறார் என்று நினைத்து, "ஆமாம்மா, சொல்லுங்க" என்றேன். அவருடைய அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இதயம் பலவீனம் என்று இரண்டு வருடமாக ஐந்து வகை மாத்திரை சாப்பிட்டு வந்தவர். கட்டுரையைக் கத்தரித்துப் பீரோவில் ஒட்டிவிட்டு, மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ஆறு நாள் மருத்துவமனை.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மருந்தே இல்லாம சரியாகும்னு போட்டிருந்தீங்களே, அந்த சிகிச்சை எங்க சார் கிடைக்கும்? செலவு எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்டார்.

எம்.ஏ. தமிழ் படித்தவன் செய்யக்கூடாத பிழை அது. 'வீட்டில் பால் இல்லை' என்பது வேறு, 'இது பால் அல்ல' என்பது வேறு. முதலாவது ஒரு பொருள் அங்கே கிடையாது என்கிறது. இரண்டாவது, இருக்கும் பொருள் வேறொன்று என்கிறது. மருந்தில்லா சிகிச்சை என்றால் அங்கே மருந்துக்கே இடமில்லை. நான் எழுதியிருக்க வேண்டியது 'மருந்தல்லாத சிகிச்சை'. மாத்திரை ஒரு பக்கம் இருக்க, அதன் கூடவே மாத்திரை அல்லாத இன்னொன்று. ஓர் இகரத்துக்கும் அகரத்துக்கும் உள்ள தூரம்தான், ஆறு நாள் மருத்துவமனைவாசம்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்த வாரப் பத்தி.

முதலில் நோயின் பெயரே தகராறு. ஆங்கிலத்தில் 'ஹார்ட் ஃபெயிலியர்'. தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறோம். டாக்டர் அப்படிச் சொன்னதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. இதயம் நின்றுவிட்டது என்றோ, பரீட்சையில் பெயிலானதைப் போல எல்லாம் முடிந்துவிட்டது என்றோ நினைக்கிறார்கள். இன்னும் சிலர் மாரடைப்போடு குழப்பிக்கொள்கிறார்கள். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. சில மணி நேரத்துச் சமாசாரம். இது அப்படியல்ல. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடம்பு கேட்கும் அளவுக்கு ரத்தத்தை இறைத்துக் கொடுக்க முடியவில்லை. மாரடைப்பில் செத்துப்போன தசை, பல வருட ரத்த அழுத்தம், பழுதான வால்வு, குடி, வைரஸ் என்று காரணங்கள் பல. நான் இப்போது 'இதயத் தளர்ச்சி' என்று எழுதுகிறேன். அகராதிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எக்கோ பரிசோதனைச் சீட்டில் 'இ.எஃப்.' என்று ஓர் எண் இருக்கும். இதயத்தின் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு அது. நூறு இருக்க வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. நல்ல இதயத்துக்கே 55-லிருந்து 70-க்குள்தான். 40-க்குக் கீழே போனால் தளர்ச்சி. எண் நன்றாக இருந்தும் தசை விறைத்துப்போய், சரியாக நிரம்பாமல் திணறும் இதயங்களும் ஏராளம். அது தனிக் கதை.

இந்த நோயில் ஒரு வேடிக்கை உண்டு. இதயம் தளர்ந்ததும் உடம்பு அதற்கு உதவி செய்யக் கிளம்புகிறது. ரத்தம் குறைந்துவிட்டது என்று தப்பாகக் கணக்குப் போட்டு உப்பையும் நீரையும் சேர்த்து வைக்கிறது, குழாய்களை இறுக்குகிறது, இதயத்தைச் சாட்டையால் அடித்து விரட்டுகிறது. இளைத்த மாட்டின் மேல் மேலும் பாரம். இன்றைய மாத்திரைகள் பெரும்பாலும் செய்வது இந்த உதவியைத் தடுப்பதுதான். நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இப்போதைய முறை. அதில் ஒன்று சர்க்கரை நோய்க்கென்று வந்து, 2019-க்குப் பிறகு சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் உதவுகிறது என்று தெரியவந்தது. இந்த நான்கும்தான் அஸ்திவாரம். மருந்தல்லாதது எதுவும் இதன் மேல் கட்டும் மாடிதான்.

மாடி கட்டப் போய் இடிந்து விழுந்த கதைகளே அதிகம். 1985-ல் பாரிஸில் அலென் கார்ப்பென்டியே என்ற அறுவை நிபுணர் முதுகுத் தசையை எடுத்து இதயத்தைச் சுற்றிக் கட்டினார். பேஸ்மேக்கர் மாதிரி ஒரு கருவியால் அந்தத் தசையைத் துடிக்க வைத்து இதயத்துக்குக் கைகொடுப்பது யோசனை. உலகம் வியந்தது. காலப்போக்கில் கைவிடப்பட்டது. 1990-களில் பிரேசில் நாட்டு ராண்டாஸ் பட்டிஸ்டா இன்னும் துணிச்சலானவர். வீங்கிப் பெருத்த இதயத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தைத்துவிட்டார். தொளதொளத்த சட்டையைப் பிடித்துத் தைப்பது போல. நான் பள்ளி மாணவனாக இருந்த காலம் அது. அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகள் வரை அந்த அறுவை பரவியது. சில வருடங்களில், வெட்டிய இதயங்கள் பலவும் மறுபடி தளர்ந்ததும் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். ஏறக்குறைய அதே யோசனையின் திருந்திய வடிவத்தை ஆயிரம் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, பைபாஸுடன் அதைச் சேர்ப்பதால் தனியாகப் பலன் இல்லை என்று 2009-ல் சொன்னார்கள்.

அடைப்பைத் திறந்தால் இதயம் தானாகப் பலம் பெறும் என்பது நம்மூரில் வேத வாக்கு. பிரிட்டனில் தளர்ந்த இதயமும் கடுமையான அடைப்பும் உள்ள 700 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட்டும் பாதிப் பேருக்கு மருந்து மட்டுமே என்றும் சோதித்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாரடைப்பு வந்து துடிக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும். தளர்ந்த தசையை அது தூக்கி நிறுத்தவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது முகமூடிக் கதை. இதயம் தளர்ந்தவர்கள் தூக்கத்தில் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவதுண்டு. அதைச் சீராக்க முகத்தில் பொருத்தும் காற்றுக் கருவி ஒன்று. மூச்சு சீரானது. ஆனால் 2015-ல் வெளியான ஆய்வில், இ.எஃப். குறைந்து மூளையின் கட்டளைக் கோளாறால் மூச்சு தடைப்படுகிறவர்களில், அதைப் போட்டுக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இதயநோயால் இறந்திருந்தார்கள். நல்ல காற்று யாருக்கு என்ன கெடுதல் செய்யும் என்று சோதிக்காமல் விட்டிருந்தால் இன்றும் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

சரி, நின்றது எது? எனக்குப் பிடித்தது தேர் இழுக்கும் சிகிச்சை. அந்தப் பெயர் நான் வைத்தது. தேரின் இரண்டு வடங்களையும் ஒரே நேரத்தில் இழுத்தால் தேர் நகரும். இடப்பக்கத்தார் இழுத்து முடித்த பிறகு வலப்பக்கத்தார் இழுத்தால் தேர் கோணிக்கொண்டு நிற்கும், ஆட்கள் மட்டும் களைத்துப்போவார்கள். தளர்ந்த இதயங்கள் சிலவற்றில் மின்சாரம் ஓடும் பாதை பழுதாகி, இடது அறையின் ஒரு சுவர் முன்னும் மறு சுவர் பின்னுமாகச் சுருங்குகிறது. 1990-களின் நடுவில் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் இரண்டு பக்கத்துக்கும் கம்பி செலுத்தி ஒரே நேரத்தில் துடிக்கவைத்தார்கள். சி.ஆர்.டி. என்று நம்மூர் டாக்டர்கள் சொல்லும் பேஸ்மேக்கர் அதுதான். 2005-ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் 813 பேர். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்தோடு கருவியும் பொருத்தியவர்களில் 20 சதவீதம். மருந்தோடு என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இவ்வளவு நல்ல கருவி என்றால் எல்லோருக்கும் வைக்கலாமே? வைத்தும் பார்த்தார்கள். ஈ.சி.ஜி.யில் மின்பாதை நன்றாக இருந்தவர்களுக்கும் பொருத்திய ஆய்வு ஒன்று 2013-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. கருவியை இயக்கி வைத்தவர்களில் 11 சதவீதம் பேரும், இயக்காமல் விட்டவர்களில் 6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். ஒழுங்காகப் போகிற தேரைப் பிடித்து ஆட்டினால் அப்படித்தான். ஆகவே டாக்டர் 'இந்தக் கருவி வைக்கலாம்' என்றால், ஈ.சி.ஜி.யில் அந்தக் கோளாறு இருக்கிறதா, எவ்வளவு அகலம் என்று கேட்பது நோயாளியின் உரிமை. 150 மில்லி செகண்டும் அதற்கு மேலும் என்றால் பலன் தெளிவு.

இதில் அண்மைக்காலத் திருப்பம் ஒன்று உண்டு. இதயத்துக்குள் இயற்கையே போட்டு வைத்த மின்கம்பிக்குப் பக்கத்தில், இடது கிளை இருக்கும் இடத்தில், ஒரே கம்பியைத் திருகி நட்டால் போதும் என்று சீனாவின் வென்சோ நகரத்து வெய்ஜியான் ஹுவாங் குழுவினர் 2017-ல் காட்டினார்கள். இப்போது உலகெங்கும் செய்கிறார்கள். இந்த வகைச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் புகழேந்தி விஜயராமன். சாதாரண பேஸ்மேக்கரையே இதற்குப் பயன்படுத்தலாம் என்பதால் செலவு குறைகிறது. லட்சங்களை எண்ணிக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

கிளிப் கதை இன்னும் சுவையானது. இதயம் வீங்கும்போது மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும் விலகி, ரத்தம் பின்னோக்கி ஒழுகும். மிலான் நகரத்து ஓட்டாவியோ அல்ஃபியேரி 1990-களின் தொடக்கத்தில் இரண்டு இதழ்களையும் நடுவில் ஒரு தையல் போட்டு இணைத்தார். அந்தத் தையலை, நெஞ்சைத் திறக்காமல், தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியே ஒரு கிளிப்பைக் கொண்டுபோய்ச் செய்யலாம் என்றானது. 2018-ல் இரண்டு ஆய்வுகள் சில வார இடைவெளியில் வந்தன. பிரான்சில் 304 பேரிடம் செய்ததில் பயனே இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரிடம் செய்ததில் இரண்டு வருடத்தில் இறந்தவர்கள் 46 சதவீதத்திலிருந்து 29 ஆகக் குறைந்தார்கள். ஒரே கிளிப், நேரெதிர் முடிவு. நிபுணர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் இரண்டாவது ஆய்வில் ஒரு நிபந்தனை இருந்தது. தாங்கக்கூடிய அளவுக்கு எல்லா மருந்துகளையும் கொடுத்துப் பார்த்த பிறகும் ஒழுகுகிறவர்களை மட்டுமே, அதுவும் ஒரு குழு சரிபார்த்த பின்னரே, சேர்த்தார்கள். நோயாளியை இப்படிப் பொறுக்கி எடுத்ததில்தான் கிளிப்பின் வெற்றி பாதி இருக்கிறது என்பது என் கட்சி.

அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவி பற்றி ஒரு வார்த்தை. அது திடீர் மரணத்தைத் தடுக்கும் காவல்காரன், இதயத்தைப் பலப்படுத்தாது. வீட்டார் இதை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள்.

கடைசி வரிசையில் நிற்பவை மாற்று இதயமும் இயந்திரப் பம்பும். இந்தியாவில் வெற்றிகரமான முதல் இதய மாற்று 1994 ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் செய்தது. கேட்பவர்களோடு ஒப்பிட்டால் கிடைக்கும் இதயங்கள் இன்றும் கொஞ்சம்தான். பம்பு, இடது அறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி மகாதமனிக்குத் தள்ளும். வயிற்றின் வழியே வரும் கம்பியை வெளியே பாட்டரியில் மாட்டிக்கொள்ள வேண்டும். 2001-ல் முதல் பெரிய ஆய்வில், கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களில் மருந்து மட்டும் பெற்றவர்கள் ஒரு வருடத்தில் கால்வாசிப் பேர்தான் மிஞ்சினார்கள். பம்பு வைத்தவர்களில் பாதிப் பேர். இன்றைய பம்புகள் விட்டுவிட்டுத் துடிப்பதில்லை, சுழன்றுகொண்டே இருக்கின்றன. அதனால் பொருத்தியவர்கள் பலருக்குக் கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி அகப்படாது. நடக்கிறார், பேசுகிறார், நாடி இல்லை. நம் சித்த வைத்தியர்கள் என்ன சொல்வார்களோ! விலையோ பல பத்து லட்சங்கள். மின்வெட்டு, கிருமி, ரத்தக் கட்டி என்று ஆயுசுக்கும் கவலை. இந்த வகையில் பேர்பெற்ற ஒரு பம்பின் விற்பனையை 2021-ல் தயாரித்த நிறுவனமே நிறுத்திவிட்டது.

இத்தனை லட்சங்களுக்கும் நடுவே, மருந்தல்லாதவற்றில் மிக மலிவானது ஒன்று இருக்கிறது. எடை பார்க்கும் இயந்திரம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடுப்பில் ஏறி நிற்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, தேங்கிய நீர். மூச்சு முட்டுவதற்குச் சில நாள் முன்பே முள் சொல்லிவிடும். அன்றே டாக்டரைக் கேட்டு நீர் பிரிக்கும் மாத்திரையைக் கூட்டினால் ஆம்புலன்ஸ் செலவு மிச்சம்.

முள்ளைப் பார்த்தால் போதாது, யாரிடம் சொல்வது என்று தெரிய வேண்டும். 1995-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எழுபது வயதைத் தாண்டிய 282 பேரிடம் ஓர் எளிய காரியம் செய்தார்கள். ஒரு நர்ஸ் உட்கார்ந்து நோயைப் புரியும்படி விளக்கினார், உப்பு பற்றிச் சொல்லிக்கொடுத்தார், வீட்டுக்குப் போனபின் விசாரித்தார். மூன்று மாதத்தில் இதயத் தளர்ச்சியால் திரும்ப மருத்துவமனைக்கு வருவது பாதிக்கு மேல் குறைந்தது. பிறகு அதையே இயந்திரத்திடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள். தானியங்கித் தொலைபேசிக் குரல் கேள்வி கேட்கும், நோயாளி பொத்தானை அழுத்துவார். 1,653 பேரிடம் சோதித்து 2010-ல் சொன்னது: பயனில்லை. ஜெர்மனியில் 2018-ல் எடை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. எல்லாவற்றையும் அனுப்ப, இருபத்துநாலு மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரணம் குறைந்தது.

உப்புக்கும் வருகிறேன், இல்லாவிட்டால் அடித்துப்போடுவார்கள். 806 பேரிடம் செய்து 2022-ல் வெளியான ஆய்வில், உப்பை மேலும் கடுமையாகக் குறைத்ததால் மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. உடனே ஆவக்காய் ஜாடியைத் திறக்க வேண்டாம். அந்த ஆய்வில் 'சாதாரணமாக' சாப்பிட்டவர்களே நாளுக்கு ஐந்து கிராம் உப்பைச் சுற்றித்தான் சாப்பிட்டார்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் என்று போகும் நம் இலையின் கணக்கு வேறு. நடையைப் பொறுத்தவரை, ஓய்வெடு என்று படுக்க வைத்த காலம் போய்விட்டது. 2,331 பேரை மேற்பார்வையில் பயிற்சி செய்ய வைத்த 2009-ம் ஆண்டு ஆய்வில் ஆபத்து எதுவுமில்லை, வாழ்க்கை கொஞ்சம் இலகுவானது. நிலைமை சீராக இருப்பவர் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் தொடங்கலாம்.

இனி நம் நாட்டுக் கணக்கு. நாடெங்கும் 53 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இதயத் தளர்ச்சி நோயாளிகளைப் பதிவுசெய்த தேசியப் பதிவேட்டின் முடிவுகள் 2022-ல் வந்தன. சராசரி வயது அறுபது. மேல்நாட்டில் இந்த நோய் எழுபதுக்கு மேல். சேர்ந்து மூன்று மாதத்துக்குள் நூற்றில் பதினான்கு பேர் இறந்துவிட்டார்கள். இ.எஃப். குறைந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே தர வேண்டிய மருந்துகள் முறையாகத் தரப்பட்டிருந்தன. நான் திரும்பத் திரும்பப் படித்த வரி வேறு. படிப்பு குறைந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்திருக்கிறார்கள்.

காரணங்களில் வறுமை இருக்கும், தூரம் இருக்கும். கையில் கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாததும் இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது நம் மருத்துவமனைகள் தரும் சீட்டுகளைப் பாருங்கள். எல்லாம் ஆங்கிலம். தமிழில் ஒன்றிரண்டு வந்தால் 'திரவ உட்கொள்ளலைக் கட்டுப்படுத்தவும்' என்று இருக்கிறது. என் மாதிரி எவனோ மொழிபெயர்த்தது. 'காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து டாக்டர் சொன்ன அளவு' என்று எழுத என்ன தடை?

பெங்களூர்க்காரருக்கு சி.ஆர்.டி. தேவைப்படவில்லை, அவருடைய ஈ.சி.ஜி.யில் அந்தக் கோளாறு இல்லை. கிளிப்புக்கும் ஆள் இல்லை. மாத்திரைகளை மறுபடி ஆரம்பித்து, அளவு கூட்டி, எடை இயந்திரம் ஒன்றும் வாங்கிக் கொடுத்ததாக மகள் சொன்னார். பீரோவில் என் கட்டுரை ஒட்டியிருந்த இடத்தில் இப்போது தினசரிக் காலண்டர் தொங்குகிறதாம். தேதித் தாளிலேயே எடையை எழுதி, கிழித்து, ஒரு கம்பியில் குத்தி வைக்கிறார். போன தீபாவளிக்குப் பேசினேன். முதல்நாளைவிட அறுநூறு கிராம் கூடுதல் என்றார். அதிரசம் என்று அவர் சொல்கிறார், நீர் என்று மகள் சொல்கிறார். மறுநாள் காலை முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் வழக்கு தீரும் என்று போனை வைத்தார்கள்.